அந்தோனியார் பறியில் வந்த பால்சுறா

குழந்தை பலமாக அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு அந்தரமாக இருந்திராது. அது சத்தில்லாத அழுகை. கொஞ்சம் கத்தும், நிற்கும், பிறகு இன்னும் மெல்லியதாகத் தொடங்கும். நிற்கிற அந்த நேரத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். கூட்டின இடத்தையே திரும்பவும் கூட்டிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் என் அண்ணையின் வீடு. பிறந்து ஒரு கிழமையும் ஆகாத அவருடைய மகள்தான் அழுதது.

வேலிக் கிடுகை விலக்கி அண்ணையின் மனைவியைக் கூப்பிட்டேன்.

“மச்சாள், குடிக்கிறாளோ?”

“வாய் வைக்கிறாள், றெஜி. வந்தாத்தானே குடிக்கிறதுக்கு. இழுத்துப் பாத்திட்டு என்னைப் பாத்துக் கத்துறாள், நான் ஏதோ ஏமாத்தினமாதிரி.”

சொல்லிவிட்டு மச்சாள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. உள்ளே அண்ணை செபம் பண்ணும் சத்தம் கேட்டது. அவர் முந்தின நாள் பின்னேரத்தில் இருந்து செபத்தில்தான் இருந்தார்.

இந்திய ஆமி போய், திரும்பவும் சண்டை தொடங்கி, கொழும்பிலிருந்து சாமான் வருவது நின்றிருந்த காலம் அது. பால்மாவைக் கண்ணால் காண ஏலாது. சங்கக்கடைக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஓடினால் வெறும் பெட்டிதான் கிடக்கும். ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தை குடித்ததையெல்லாம் சத்தி எடுத்தது.

பிரசவம் பார்த்த மருத்துவிச்சி வந்து பார்த்துவிட்டு என்னைத்தான் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

“பால்சுறா ஒண்டு தேடிப் பிடியுங்கோ. உள்ளியும் முருங்கையிலையும் போட்டு வறை செய்து தாய்க்குக் குடுங்கோ. பால் ஊறும். நாளைக்கு, நாளையிண்டைக்கு எண்டு இழுக்காதேங்கோ. பிள்ளை தாங்காது.”

நாங்கள் இருந்தது வடக்கில், கொழும்புத்துறைக் கரையில். மீன் தின்று வளர்ந்த ஊருக்கு மீன் அருமையாகிப் போயிருந்தது. ஆழத்துக்குப் போனால் நேவி சுடும். ஒன்றிரண்டு வள்ளம் மட்டும் விடிய முதல் கரையோடு கரையாகப் போய், கிடைத்ததைக் கொண்டு திரும்பும்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. விளக்குமாறை வைக்க மனமில்லாமல் நின்றபோது, முன்வீட்டுத் திரேசக்கா படலையைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தா.

“எடியே றெஜி, சுறா வந்திருக்கு! பால்சுறா! என்ரை கண்ணாலை கண்டனான்!”

நான் செருப்பைத் தேடினேன்.

“பொறு, பொறு. முதல் வலையிலை வந்ததாம். பறிக்குள்ளை போட்டிட்டாங்கள்.”

நான் அப்படியே படியில் இருந்துவிட்டேன். ஏன் இருந்தேன் என்பது விளங்குவதற்கு அந்தப் பறியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

செவ்வாய்ப் பங்கு

எங்கள் கரையில் அந்தோனியாருக்கு ஒரு சின்னக் கூடு இருந்தது. சீமெந்தால் கட்டி நீலம் பூசிய கூடு. அதற்குள் அவருடைய சுருவம். உப்புக்காற்றில் மூக்கு கரைந்துபோய், சிரிக்கிறாரா யோசிக்கிறாரா என்று தெரியாத முகம்.

செவ்வாய் அவருடைய நாள். அன்று எந்த வள்ளம் போனாலும் முதல் வலையில் வருவது அவருக்கு. அதைப் போடுவதற்கென்று ஒவ்வொரு வள்ளத்திலும் பனையோலையால் பின்னிய மீன்கூடை, பறி, ஒன்று இருக்கும். கரைக்கு வந்ததும் பறியைக் கூட்டுக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பார்கள். கோயில் மூப்பர் வந்து தீர்த்தம் தெளித்துச் சிலுவை அடையாளம் போடுவார். பிறகு, கடலில் ஆளைக் கொடுத்த வீடுகளுக்கு அந்த மீன் பங்காகப் போகும்.

நானும் அப்படி ஒரு வீடுதான். என் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாத கதையை இந்தப் பத்தியில் போன கிழமை எழுதியிருந்தேன். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை.

நான் எப்போதும் வரிசையில் கடைசியில் நிற்பேன். என் முறை வந்தால் ஓராவோ திரளியோ, மிஞ்சினதை வாங்கிக்கொண்டு வருவேன். யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை. தருகிறவர் யார் என்ற கேள்வியே இல்லை, அந்தோனியார் தருகிறார். என்னைப்போல் நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கப் பயந்த ஒருத்திக்கு அது எவ்வளவு ஆறுதல் என்பது வாங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அண்ணையின் இரண்டு பேர்

என் அண்ணைக்கு வீட்டில் வைத்த பேர் அந்தோனிப்பிள்ளை. அந்தக் கரையில் அதே பேரில் ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள்.

கலியாணம் முடித்து நெடுங்காலம் அவருக்குப் பிள்ளை இல்லை. ஏறாத கோயில் இல்லை, வைக்காத நேர்த்தி இல்லை. மொட்டை அடித்தார், முழந்தாளில் நடந்தார், மெழுகுதிரி கொளுத்தினார். கடைசியில் யாரோ ஒருவர் அவரைச் சபைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஊர் ஆட்கள் ‘அல்லேலூயாக்காரர்’ என்று சொல்வது அவர்களைத்தான். தகரக் கொட்டகை ஒன்றில் கைதட்டிப் பாடுவார்கள். சுருவம், மாதா, நேர்த்தி ஒன்றும் கிடையாது.

அண்ணையை அவர்கள் கடலில் முழுக்கி எடுத்து யோசுவா என்று பேர் மாற்றினார்கள். ஊரில் ஒருவரும் அந்தப் பேரைச் சொல்லவில்லை. அந்தோனி என்று கூப்பிட்டால் அவரும் திரும்பவில்லை. சந்தியில் யாரோ அவரை வேலை மினக்கெட்டு இருபது தரம் கூப்பிட்டதையும், அவர் இருபது தரமும் திரும்பாமல் பாண் வாங்கிக்கொண்டு போனதையும் நான் கண்டேன்.

அப்பா காலத்துச் சுருவம் ஒன்று அவருடைய வீட்டில் இருந்தது. உடைக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் சாரத்தில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

“நீ வைச்சிரு,” என்றார்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்கு வந்தால் அதற்கு முதுகைக் காட்டித்தான் இருப்பார். சாப்பிடச் சொன்னால், “பசிக்கேல்லை” என்பார். கூட்டுக்கு முன்னால் வைத்த மீன் என் சட்டியில் ஏறுகிறது என்பது அவருக்குத் தெரியும். அப்பா செத்த பிறகு எனக்குச் சோறு ஊட்டி வளர்த்தவர் அவர். அவர் பசிக்கவில்லை என்று சொல்லும்போது எனக்கும் பசி போய்விடும்.

பெரிய பிரச்சினை வள்ளத்தில் வந்தது. சுருவத்துக்குப் பங்கு வைக்க மாட்டேன் என்று அண்ணை சொல்லிவிட்டார்.

“விதவையளுக்குக் குடுக்கமாட்டன் எண்டு நான் சொல்லேல்லை,” என்று மூப்பரிடம் வாதாடினார். “இவள் என்ரை தங்கச்சி, விதவைதானே. நான் அவளின்ரை கையிலை நேரா குடுக்கிறன். நடுவிலை ஒரு பொம்மை ஏன்?”

சூசைப்பிள்ளை மூப்பர் நன்றாய் வயது போனவர். ஆனால் வாய் கிழடாகவில்லை.

“நேரா குடுத்தா அது உன்ரை தயவு. நாளைக்கு நீ கோவிச்சா நிண்டுபோம். கூட்டாலை வந்தா அது அவளின்ரை பங்கு. ஒருத்தரும் தடுக்கேலாது. விளங்குதோ?”

நான் அப்போது வெறும் பையோடு இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன். இரண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

அண்ணையின் வள்ளத்தில் போன ஆட்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். நேவி சுடுகிற காலத்தில் அந்தோனியாரையும் பகைத்துக்கொண்டு கடலுக்குப் போக அவர்களுக்குப் பயம். தனி ஆளாய் அந்த வள்ளத்தை இறக்க முடியாது. அது கரையில் வெயில் காய்ந்தது. அண்ணை கூலிவேலை தேடித் திரிந்தார்.

அந்த நேரத்தில்தான் மச்சாள் பிள்ளைத்தாய்ச்சி ஆனாள். சபை தந்த பிள்ளை என்று அண்ணை சொன்னார். பழைய நேர்த்திகள் இப்போதுதான் வேலை செய்திருக்கின்றன என்று மூப்பர் சொன்னார். இதை வைத்தே மாதக்கணக்கில் சண்டை போட்டார்கள்.

படலையில் இருந்த அரிசி

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

என் கணவர் கடலோடு போன அந்தக் கிழமையில், எங்கள் வீட்டில் ஒப்பாரி நடந்துகொண்டிருந்தபோது, சபைப் பெண்கள் மூன்று பேர் வந்தார்கள். வெள்ளைச் சீலை. ஒருத்தியின் தலையில் அரிசிப் பை. அவர்களும் பஞ்சப்பட்ட ஆட்கள்தான். அந்த அரிசி பல வீட்டுச் சட்டிகளில் இருந்து ஒன்றாய்ச் சேர்ந்தது என்பது பார்க்கத் தெரிந்தது. பச்சையரிசியும் சிவப்பும் வெள்ளையும் கலந்திருந்தது.

திரேசக்கா படலையில் நின்று மறித்தா.

“செத்த வீட்டிலை ஆள் பிடிக்க வந்தனீங்களோ?”

“இல்லை அக்கா. இதைக் குடுத்திட்டுப் போவம் எண்டு.”

“வேண்டாம். எங்களுக்கு எங்கடை கோயில் இருக்கு.”

அவர்கள் பையைப் படலைக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார்கள். அது வெயிலில் கிடந்தது. கோழிகள் சுற்றி வந்தன. நான் யன்னலால் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் திரேசக்காதான் அதைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தா.

“உது அல்லேலூயா அரிசிதான். வெந்தா எங்கடை சோறு,” என்று சொல்லி உலையில் போட்டா.

அந்தச் சோறு குழைந்துபோய் இருந்தது. ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு பதத்தில் வெந்திருந்தது.

மணலில் ஒரு துண்டு

இனிச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

படியில் இருந்த நான் எழும்பி அண்ணையின் வீட்டுக்குள் போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

“அண்ணை, பால்சுறா வந்திருக்கு.”

கண் திறந்தது. “எங்கை?”

“அந்தோனியார் பறியிலை.”

அவருடைய முகம் மாறியது. “சுருவத்துக்கு முன்னாலை வைச்சதை என்ரை பிள்ளைக்குக் குடுக்கேலாது, றெஜி.”

“தின்னப் போறது நானப்பா, பிள்ளையில்லை,” என்று மறைப்புச் சீலைக்குப் பின்னால் இருந்து மச்சாள் சொன்னாள்.

“நீ தின்னுறதுதானே பாலாகும். ஆண்டவர் தந்த பிள்ளைக்கு முதல் பாலே படைச்ச பாலோ? நான் அவருக்கு என்ன சொல்லுறது?”

குழந்தை மறுபடி அழத் தொடங்கி, நடுவில் நிறுத்திவிட்டது. மூன்று பேரும் அது தொடங்கும்வரைக்கும் மூச்சுவிடாமல் நின்றோம். தொடங்கியது.

எனக்கு எங்கிருந்து அந்தச் சொல் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

“இன்னும் வைக்கேல்லை, அண்ணை. மூப்பர் வரேல்லை. பறி வள்ளத்துக்கைதான் கிடக்கு.”

அண்ணை என்னைப் பார்த்தார்.

“வைக்கேல்லையோ?”

“இல்லை.”

“அப்ப அது வெறும் மீன்தான்,” என்றார் மெதுவாக.

எங்கள் ஆட்களுக்குப் பறிக்குள் விழுந்த உடனேயே அது அந்தோனியாருடையது. அண்ணைக்கோ அது சுருவத்துக்கு முன்னால் போன பிறகுதான் தொடக்கூடாதது. வள்ளத்துக்கும் கூட்டுக்கும் இடையில் கொஞ்ச மணல். அந்த மணலில் மட்டும் அந்தச் சுறாவை அவர்களும் கொடுக்கலாம், இவரும் வாங்கலாம். மூப்பர் தீர்த்தப் போத்தலோடு வரமுதல் அங்கே நிற்க வேண்டும்.

ஓடினோம். அண்ணை முன்னால், நான் பின்னால்.

பாதிச் சிலுவை

நாங்கள் போகும்போது மூப்பர் வந்துவிட்டார். ஒருவன் பறியைத் தோளில் வைத்துக் கூட்டை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தான். சுறாவின் வால் வெளியே தெரிந்தது. திரேசக்காவும் மற்றப் பெண்களும் சுற்றி நின்றார்கள். அண்ணை அந்தக் கூட்டத்துக்குள் வரவில்லை. தூரத்தில், தன்னுடைய வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கேட்க வேண்டியது நான்தான்.

“மூப்பர்...”

“சொல்லு பிள்ளை.”

சொல் வரவில்லை.

“அவளுக்கு வாய் வராது,” என்று திரேசக்கா முன்னுக்கு வந்தா. “தமையன்ரை பெண்சாதிக்குப் பால் இல்லை. அந்தச் சுறா வேணுமாம்.”

“அதுக்கென்ன? ஏழையளுக்குத்தானே வந்தது. வைச்சு, தண்ணி தெளிச்சு, முதல் ஆளா இவளுக்குத் தாறன்.”

“வைக்க முந்தி வேணும்,” என்றேன் நான்.

பறி வைத்திருந்தவன் நடையை நிறுத்தினான்.

“அந்தோனியாற்றை மீனை அந்தோனியாருக்கே காட்டாமக் கொண்டுபோறதோ?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

மூப்பர் தூரத்தில் நின்றவரைப் பார்த்தார்.

“டேய் அந்தோனி!”

அண்ணை திரும்பவில்லை. மூப்பர் பொறுத்தார். கையிலிருந்த போத்தலை மணலில் ஊன்றி வைத்தார்.

“டேய் யோசுவா!”

அந்தக் கரையில் அந்தப் பேரை முதலில் சொன்னவர் அவர்தான்.

“என்ன மூப்பர்?”

“உனக்கு வேணுமெண்டா நீ வந்து கேள். பொம்பிளையளை விடாதை.”

அண்ணை வந்தார். முந்தின நாளிலிருந்து சாப்பிடாத முகம். மூப்பருக்கு முன்னால் நின்று அவர் சொன்னது இவ்வளவுதான்:

“என்ரை பிள்ளை பட்டினி, மூப்பர்.”

மூப்பர் கூட்டைப் பார்த்தார். மூக்குக் கரைந்த அந்தோனியாரிடம் மனதுக்குள் ஏதோ கேட்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றார்.

“சரி. கொண்டு போ. அவருக்கு நான் சொல்லிக்கொள்ளுறன்.”

பறியில் இருந்து சுறாவை வாலில் பிடித்துத் தூக்கினார். இடக்கையால் அண்ணையிடம் நீட்டினார். நீட்டும்போது வலக்கை தானாக எழும்பிவிட்டது. எத்தனையோ வருசமாக மீன் கொடுத்த கை. “பிதா, சுதன்...” என்று வாயும் தொடங்கிவிட்டது. மேலிருந்து கீழே கோடு இழுத்து, குறுக்கே போகத் திரும்பின இடத்தில் அவருக்கு நினைவு வந்தது. கை அந்தரத்தில் நின்றது.

அண்ணை வாங்க நீட்டின கையைப் பாதியில் மடக்கினார்.

“ஐயோ, கை பழகிப் போச்சடா,” என்றார் மூப்பர். “வேணுமெண்டு செய்யேல்லை.”

“பாதிச் சிலுவைதானே மூப்பர்,” என்றா திரேசக்கா. “பாதிச் சுறாவை வெட்டி வைச்சிட்டு மிச்சத்தைக் குடுங்கோவன்.”

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுச் சத்தம் கரைக்குக் கேட்காது. ஆனால் எனக்கு அந்த அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது. அது நின்றிருக்குமோ என்றும் இருந்தது.

அண்ணை திடீரென்று மூப்பரின் கையிலிருந்து சுறாவைப் பிடுங்கினார். கோபத்தில் எறியப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கடலுக்குள் இறங்கினார். முழங்கால் தண்ணீர் மட்டும் போனார். இரண்டு கையாலும் சுறாவைப் பிடித்துத் தலையிலிருந்து வால்வரைக்கும் தண்ணீருக்குள் அமிழ்த்தி எடுத்தார். வாய் எதையோ முணுமுணுத்தது. திரும்பவும் அமிழ்த்தினார்.

கொஞ்ச நேரம் எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரேசக்காவுக்குத்தான் முதலில் விளங்கியது.

“எடியே, சுறாவுக்கு ஞானஸ்நானம் குடுக்கிறான்ரி!”

“முழுக்கு ஞானஸ்நானம்!”

“டேய் யோசுவா, என்ன பேர் வைக்கப் போறாய்?”

கரை முழுக்கச் சிரித்தது. மூப்பர் இருமி இருமிச் சிரித்தார். அண்ணை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துத் தண்ணீருக்குள் இறங்கி ஓடினேன். கிட்டப் போய்ப் பார்த்தால் அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

சத்தம் நின்ற மத்தியானம்

அண்ணையின் வீட்டுச் சட்டியில்தான் வறை செய்தேன். அவித்து, தோல் உரித்து, உதிர்த்து, தேங்காய்ப்பூவும் உள்ளியும் மிளகும் முருங்கையிலையும் போட்டேன். மச்சாள் வழித்துத் தின்றாள்.

அன்று பின்னேரமும் குழந்தை அழுதது. பால் ஊறக் கொஞ்சம் பொறுக்கத்தான் வேண்டும். நான் செபமாலையை எடுத்தேன், வைத்தேன். முற்றத்தைக் கூட்டினேன். மறுநாள் காலையும் அழுகை. இன்னும் மெலிந்திருந்தது.

மத்தியானம் சத்தம் நின்றது.

தொடங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தொடங்கவில்லை. அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடினேன்.

மச்சாள் சுவரில் சாய்ந்திருந்தாள். கையைக் காட்டி என்னை வாசலிலேயே நிறுத்தினாள். குழந்தையின் தாடை அசைந்துகொண்டிருந்தது. அது விழுங்குகிற சத்தம் கேட்டது.

இரண்டு நாள் கழித்து, கையில் இரண்டு முட்டையோடு மூப்பர் பிள்ளை பார்க்க வந்தார். அண்ணை கதிரை எடுத்துப் போட்டார். கொஞ்ச நேரம் இருவரும் மழையைப் பற்றிக் கதைத்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

“பாத்தியோ,” என்றார் மூப்பர், “அந்தோனியார் கைவிடேல்லை.”

அண்ணை நிமிர்ந்தார். “அந்தோனியாரோ? மூப்பர், அந்தச் சுறாவை வலைக்குள்ளை விட்டவர் ஆண்டவர்.”

“ஆண்டவர்தான். ஆரின்ரை பறிக்குள்ளை விட்டவர்?”

“பறியிலை என்ன கிடக்கு? ஓலைதானே!”

“ஓலையோ? நன்றி கெட்டவனே, அந்தப் பறி இல்லாட்டி...”

“வேதப் புத்தகத்திலை எங்கையாவது பறி எண்டு இருக்கோ, காட்டுங்கோ பாப்பம்!”

இருவரும் எழும்பிவிட்டார்கள். கதிரை சரிந்தது. நான் முட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இனி மூப்பர் இந்த வாசலை மிதிக்க மாட்டார் என்று நினைத்தேன்.

மறைப்புச் சீலை விலகியது. மச்சாள் தலையை நீட்டினாள்.

“கத்தாதேங்கோ! இப்பதான் கண்ணயர்ந்தவள்.”

இருவரும் வாயை மூடினார்கள். மூப்பர் சரிந்த கதிரையைச் சத்தம் வராமல் நிமிர்த்தி அதில் இருந்தார். அண்ணை அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினார். சீலை மூடும்வரைக்கும் இருவரும் பொறுத்தார்கள்.

பிறகு மூப்பர் குனிந்து, அண்ணையின் காதோடு வாயை வைத்து, “நன்றி கெட்டவன்” என்று குசுகுசுத்தார். அண்ணையும் குசுகுசுவென்றே பதில் சொன்னார். பொழுது சாயும்வரைக்கும் அப்படியே சண்டை பிடித்தார்கள்.